பாயில் விழுந்தது

அன்று அப்ரூ முதலாளி மூன்று மணிக்கே கறுவாப்பட்டை வாடிக் கொட்டிலுக்குள் வந்துவிட்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கறுவா உரிக்கிறவன் மடியில் தடி கிடக்கும்போது ராசாவே வந்தாலும் எழும்புவதில்லை. ரூபசேன தலையை மட்டும் ஆட்டினார். தர்மேயின் கத்தி ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. யசவதி சின்னப் பட்டைகளைப் பொறுக்கி நீளப் பட்டைக் குழலுக்குள் செருகிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. முகம்தான் வெளுத்தது.

உதேனி வாசலோரம் உட்கார்ந்து தடிகளின் மேற்தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த புதன்கிழமை கம்பஸில் அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழிப் பரீட்சை. அதுவரை வீட்டில் இருந்து படிக்க வந்திருந்தாள். படித்தது போக மீதி நேரம் அப்பா ரூபசேனவுக்கும் அம்மா யசவதிக்கும் கைகொடுத்தாள்.

முதலாளி இந்த நேரத்தில் வருகிறவர் இல்லை. முப்பது வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை. ஐந்தரைக்கு அவருடைய மோட்டார் சைக்கிள் பலாமரத்தடியில் நிற்கும். இறங்கிக் குழாயடியில் கால் கழுவுவார். ஒரு காலைக் கழுவி, மறு காலைக் கழுவி, திரும்பவும் முதல் காலைக் கழுவுவார். அதற்குள் யசவதி பாயைக் கூட்டிவிடுவாள். முறிந்த துண்டு, நுனிப்பட்டை, குழலுக்குள் அடங்காத சுருள் எல்லாம் பாயில் கிடக்கும். பாயில் விழுந்தது கூட்டுகிறவளுக்கு. துணியில் முடிந்து பின்வாசலால் கொண்டுபோய் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் முன்வாசலில் முதலாளியின் தலை குனியும். குழல்களை நிறுப்பார். பாயைப் பார்க்க மாட்டார்.

இதை யாரும் யாரிடமும் பேசியதில்லை. அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவர் யாருக்கும் கொடுத்ததுமில்லை. அந்தத் துண்டுகள் பள்ளிக்கூட நாளிலிருந்து உதேனியின் சப்பாத்தாகவும் புத்தகமாகவும் பஸ்ஸாகவும் ஆகியிருந்தன.

முதலாளி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேலையைப் பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். காலையில் வெட்டிய தடியை அன்றே உரித்துவிட வேண்டும். விட்டால் மறுநாள் பட்டை தடியோடு ஒட்டிக்கொள்ளும். பட்டையை இளக்கப் பித்தளைக் கோலால் தேய்க்கும் சத்தமும் கூரைத் தகரத்தில் தூறலும் மட்டும் கேட்டன. வழக்கமாக அந்த நேரத்தில் தர்மே ஏதாவது சொல்லுவான், யசவதி அவனை ஏசுவாள். அன்று இரண்டரை மணி நேரமும் தர்மேயின் கண் தடியை விட்டு எழும்பவில்லை.

கடைசித் தடியை ரூபசேன விறகுக் குவியலில் எறிந்தார். முதலாளி எழும்பினார்.

"யசோ, பாயைக் கூட்டு."

"கூட்டினா, முதலாளி?"

"கூட்டித் தராசில போடு."

யசவதி கூட்டினாள். எல்லாத் துண்டையும் கூடையில் அள்ளித் தராசில் வைத்தாள். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் தட்டினாள்.

"தூசியையும் நிறுக்கிறதோ முதலாளி?" என்றான் தர்மே. "என்ர சாரத்தையும் ஒருக்கா உதறி விடட்டோ?"

முதலாளி சிரிக்கவில்லை. முள்ளைப் பார்த்தார். "மூலையில இருக்கிற சாக்கில கொட்டு. நாளையிலயிருந்து இதுதான் ஒழுங்கு" என்றார். பிறகு உதேனியின் பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்காமல்.

"மகள், நாளைக்குக் காலமை வீட்டுப் பக்கம் வா."

*

அன்று இரவுச் சோறு வெளிச்சம் இருக்கும்போதே ஆகிவிட்டது. பலாக்கொட்டைக் கறி, கருவாடு. ரூபசேன பிசைந்தார், சாப்பிடவில்லை. முதலாளி வந்த காரணம் உதேனிக்குப் பாதி தெரியும். மீதியைத் தர்மேயின் பெண்சாதி சீலா முற்றத்தில் நின்று சொன்னாள். வாடியில் இன்னொரு பாய் அவளுடையது; அன்று அவள் வேலைக்கு வரவில்லை.

"யசோ அக்கா, உங்கட மகள் எங்களைக் கள்ளர் எண்டு எழுதித்தான் பட்டம் வாங்கப் போறாளாமே?"

"உள்ள வந்து கதை, சீலா."

"வரேல்ல. நான் நிக்கிறன். நேத்து முதலாளி வீட்டுத் தானத்துக்குச் சமைக்கப் போனனே, அங்க நடந்ததைச் சொல்லட்டோ? சாதுமார் சாப்பிட்டுப் போன பிறகு முதலாளி அலுமாரியைத் திறந்து உங்கட மகள் குடுத்த புத்தகத்தை எடுக்கிறார். 'எங்கட ரூபேயின்ர பிள்ளை எழுதினது, முன்பக்கத்தில எனக்கு நன்றி போட்டிருக்கு' எண்டு தங்கச்சிக்குக் காட்டுறார். பெருமைதான். தங்கச்சியின்ர மகன் இருக்கிறானே, கொழும்பான், கண்ணாடி போட்டவன். அவன் வாங்கிப் பிரட்டினான். ஒரு பக்கத்தில நிண்டான். சத்தமா வாசிச்சான். எல்லாருக்கும் முன்னால."

"என்னத்தை வாசிச்சான்?"

"எனக்கு என்ன விளங்குது? சாதுமார் பிரித் ஓதுற மாதிரி இருந்துது. அவனே பிறகு விளக்கம் சொன்னான். 'மாமா, உங்களுக்குத் தெரியாம இந்தப் பொம்பிளையள் தோட்டத்துப் பொருளைக் கொண்டு போயினம், எழுத்தில இருக்கு, ஆதாரத்தோட' எண்டான். நான் பாயாசச் சட்டியோட நிண்டனான். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. என்னை!"

சீலாவுக்குக் குரல் உடைந்தது. "படிச்ச பிள்ளை" என்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

ரூபசேன தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன சொல் எழுதினாய்?" என்று கேட்டார் ரூபசேன.

உதேனிக்கு அந்த வரி மனப்பாடம். சொன்னாள். "தோட்ட உரிமையாளரின் அறிவுக்கு அப்பால், உபவிளைவுகள் தொழிலாளர் குடும்பப் பெண்களால் முறைசாரா வகையில் கையகப்படுத்தப்படுகின்றன."

"கையகப்படுத்துறது எண்டா?"

"எடுக்கிறது எண்டுதான் அப்பா."

"எடுக்கிறதெண்டா எடுக்கிறது எண்டு எழுதியிருக்கலாமே."

"அப்பிடி எழுதினா வெட்டுவினம்."

வெட்டியிருந்தார்கள். முதல் தடவை அவள் எழுதிக் கொடுத்தது வேறு. 'எங்கள் வாடியில் பாயில் விழுவது அம்மாவுக்கு. அம்மா கூட்டி முடிக்கும்வரை முதலாளி கால் கழுவிக்கொண்டு நிற்பார்' என்று இருந்தது. அவளுடைய ஆய்வுக்குப் பொறுப்பான ஹேவகே சேர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். 'எங்கள்' என்பது யார்? 'அம்மா' ஒரு தகவலாளரா? கால் கழுவுவது ஆய்வுக்குத் தேவையா? பக்கத்தின் அடியில், கதை எழுத வேண்டாம், புலமை நடையில் எழுதவும்.

உதேனி நூலகத்தில் மூன்று வாரம் இருந்தாள். மற்றவர்களின் ஆய்வேடுகளைப் பார்த்துச் சொற்களைக் கொப்பியில் எழுதினாள். அவற்றில் ஒருவரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படுகின்றன. 'எங்கள்' போயிற்று. அம்மா தகவலாளர் 3 ஆனாள். முதலாளியின் கால் போயிற்று. அதற்குப் பதில் 'அறிவுக்கு அப்பால்' வந்தது. எழுதும்போது அது பொய்யென்று அவளுக்குத் தோன்றவில்லை. உயரமாகத் தோன்றியது. ஹேவகே சேர் அந்தப் பக்கத்தில் 'மிக நன்று' என்று போட்டார். அன்று பஸ்ஸில் வரும்போது அவள் அந்த வரியை உதடு அசையச் சொல்லிப் பார்த்தாள். ஆய்வேட்டைக் கட்டியதும் ஒரு பிரதியை வெற்றிலை அடுக்கின் மேல் வைத்து, இரண்டு கையாலும் முதலாளியிடம் கொடுத்ததும் அவள்தான். யாரும் கொடுக்கச் சொல்லவில்லை.

"தகவலாளர் மூண்டு நானோ?" என்றாள் யசவதி.

"ஓம்."

"ஒண்டும் ரெண்டும் ஆர்?"

"அப்பாவும் தர்மே மாமாவும்."

"தர்மேக்குப் பிறகுதானோ நான்! அவன் உரிச்ச குழலை நான்தானே திருப்பி அடுக்குறனான்."

அவள் சிரிப்புக் காட்டினாள். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. ரூபசேன தட்டை நாய்க்கு வைத்துவிட்டு வந்தார்.

"கொழும்பான் கனகாலமாச் சொல்லிக்கொண்டிருக்கிறான்" என்றார். "உரிக்கிற மெஷின் போட்டு, நாட்கூலிக்கு ஆள் வச்சு நடத்தலாமெண்டு. முதலாளிதான் தள்ளித் தள்ளி வந்தவர். இனி என்ன சொல்லித் தள்ளுறது?" வீட்டுச் சுவரைப் பார்த்தார். "வாடி போனா இதுவும் போகும். இந்த மண்ணும் அவயின்ரதுதான்."

*

முதலாளியின் வீட்டு முற்றத்தில் தானத்துக்கு எடுத்த பெரிய சட்டிகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. அவர் பனியனோடு விறாந்தையில் இருந்தார். மடியில் அவளுடைய ஆய்வேடு. அழுக்குப் படாமல் செய்தித்தாளில் உறை போட்டிருந்தார்.

"இரு" என்றார். உதேனி படியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கத்தை வாசி."

வாசித்தாள்.

"இனி வாயால கதைக்கிற மாதிரிச் சொல்லு."

"முதலாளிக்குத் தெரியாம..." அவள் பக்கத்தை மூடினாள். "பொம்பிளையள் துண்டுகளை எடுக்கினம்."

"எனக்குத் தெரியாதோ?"

அவள் தலை குனிந்தாள்.

"ஊரிலயே என்ர கால்தான் சுத்தமான கால். ஏன் எண்டு நினைச்சாய்?"

"தெரியும் முதலாளி."

"தெரிஞ்சுமோ இப்பிடி எழுதினாய்?"

"முதல்ல அதைத்தான் எழுதினன். கால் கழுவினதையும் எழுதினன். வெட்டிப் போட்டாங்க."

முதலாளி வெற்றிலைத் தட்டை இழுத்தார். பாக்கை வெட்டினார். வாயில் போடவில்லை.

"நான் மாத்துறன்" என்றாள் உதேனி. "முதலாளிக்குத் தெரியும், தெரிஞ்சுதான் விட்டவர் எண்டு மாத்தி எழுதுறன்."

"கெட்டிக்காரி. இது பிரிக்காத காணி, மகள். தங்கச்சிக்கும் பங்கு, அவுஸ்திரேலியாவில இருக்கிற தம்பிக்கும் பங்கு. தெரிஞ்சு விட்டனெண்டு நீ எழுதினா நான் கள்ளன், கூடப்பிறந்ததுகளின்ர பொருளை அள்ளிக் குடுத்தவன். தெரியாதெண்டு எழுதினா உன்ர அம்மா கள்ளி. உங்கட கம்பஸுக்கு ரெண்டில ஒண்டு கட்டாயம் வேணுமோ?"

"அப்ப பக்கத்தையே எடுத்துவிடுறன்."

"அவன் போனில படம் பிடிச்சு வச்சிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரனையும் கூட்டிக்கொண்டு வாறான், வாடியை அளக்க." பாக்கைத் தட்டில் திருப்பிப் போட்டார். "நேத்து துண்டுகளைத் தராசில போடச் சொல்லி உன்ர அம்மாவுக்குச் சொன்னன். சொல்லாம விட்டா ஞாயிறு அவன் கேப்பான், தெரிஞ்ச பிறகும் என்ன செய்தீங்க மாமா எண்டு. முப்பது வருஷம் தெரியாத மாதிரி இருந்தன். அது லேசான வேலை இல்ல, மகள். வெயிலில நிண்டு, மழையில நிண்டு. அதை ஒரு பக்கத்தில கெடுத்துப் போட்டாய்."

உதேனி அழுதாள். உள்ளே யாரோ தேங்காய் துருவினார்கள்.

"அழுது வேலையில்ல" என்றார் கடைசியில். "அவன் நம்புறது அந்தப் பாஷையை. என்ர கதையை அவன் கேக்க மாட்டான். அதே பாஷையில ஒரு கடிதம் கொண்டு வா. உங்கட சேர் கையெழுத்து வச்சு. எனக்கும் பழி வரப்படாது, உன்ர அம்மாவுக்கும் வரப்படாது. அப்பிடி எழுத ஏலுமோ?"

"தெரியேல்ல."

"ஏலாட்டி ஞாயிறு அளப்பாங்க" என்றார்.

*

இரண்டு நாள் எழுதினாள். வாடியில் சுரண்டியபடி யோசித்து, வீட்டுக்கு ஓடிவந்து எழுதி, கிழித்தாள். வாடியில் யாரும் அவளோடு கதைக்கவில்லை. மூலையில் சாக்கு நிறைந்துகொண்டு வந்தது. சீலா தன் பாயின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதேனி பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டுச் சாக்கில் போட்டாள்.

'முதலாளி' என்று தொடங்கினால் அவர் மாட்டினார். 'பெண்கள்' என்று தொடங்கினால் அம்மா மாட்டினாள். யாராவது ஒருவர் வரியின் தலையில் நிற்க வேண்டியிருந்தது. வியாழன் மாலைதான் அவளுக்கு அது பிடிபட்டது. நிற்பதற்கு இன்னும் ஒருவர் மிச்சம் இருந்தார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் கம்பஸுக்குப் போனாள். ஹேவகே சேர் அறையில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே இருந்தார். அவள் கொடுத்த தாளை வாசித்தார்.

'உபவிளைவுகள் தொடர்பாக ஆய்வேட்டில் குறிப்பிடப்பட்ட நடைமுறை, மேலதிகக் கள ஆய்வில் உறுதிப்படுத்தப்படவில்லை. அவ்வாறான எதுவும் ஆய்வாளரால் நேரில் அவதானிக்கப்படவில்லை. தகவலாளர் 3இன் கூற்று ஆய்வாளரால் பிழையாக விளங்கிக்கொள்ளப்பட்டது. இத்தவறுக்கு ஆய்வாளரே முழுப்பொறுப்பாளர்.'

"ஒன்பது மாதம் அங்க இருந்தாய்" என்றார்.

"ஓம் சேர்."

"ஒண்டும் காணேல்ல."

"அவதானிக்கப்படவில்லை சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முதல் வகுப்புக்குரிய பக்கம் இது ஒண்டுதான். வெளிப் பரீட்சகரிட்ட நானே சொல்லி வச்சிருக்கிறன். இதை நீக்கினா, அதுவும் இப்பிடிக் காரணம் சொல்லி நீக்கினா, ஆய்வாளருக்கு ஆய்வு செய்யத் தெரியாது எண்டுதான் அர்த்தம். புதன்கிழமை அதைத்தான் கேப்பினம். உனக்கு விளங்குதா?"

"விளங்குது சேர்."

"ஆராவது பயமுறுத்தினவையா?"

"இல்ல சேர்."

"பிறகு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறதெண்டும் கதைச்சனி. அது இனி இல்லை."

உதேனி மேசையில் இருந்த சிவப்புப் பேனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லியிருந்தால் நல்லது என்று நினைத்தாள்.

அவர் தாளை மறுபடி வாசித்தார். இந்த முறை மெதுவாக.

"நடையில பிழை இல்லை" என்றார். அவள் முகத்தைப் பார்த்தார். "தகவலாளர் மூண்டு சுகமா இருக்கிறாவா?"

"இருக்கிறா சேர்" என்றாள்.

அவர் நீலப் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தார். முத்திரையையும் குத்தினார்.

*

ஞாயிறு காலை கொழும்பு மருமகன் வந்தான். கூடவே அளவு நாடாவும் கையுமாக மெஷின்காரன். விடுமுறை நாள் என்பதால் தடி குறைவு. வாடியில் எல்லோரும் இருந்தார்கள், கையில் வேலை இருப்பதுபோல்.

முதலாளி கடிதத்தை நீட்டினார். "கம்பஸில இருந்து வந்திருக்கு. எனக்கு விளங்கேல்ல. நீதான் பார்."

மருமகன் வாசித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். மறுபடி வாசித்தான்.

"இதில ஒண்டும் நடக்கேல்ல எண்டு இருக்கே மாமா."

"அப்பிடியோ?"

"இவ பிழையா விளங்கி எழுதிப்போட்டாவாம்." வாசலோரம் உட்கார்ந்திருந்த உதேனியைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப இவவுக்கு ஆய்வு செய்யத் தெரியாது."

"தெரியாது போலத்தான் கிடக்கு" என்றார் முதலாளி.

தர்மே தலை குனிந்து பித்தளைக் கோலால் தடியைத் தேய்த்தான். அதில் பட்டை இல்லை.

மெஷின்காரன் நாடாவை விரித்துப் பார்த்தான். மருமகன் வேண்டாம் என்று கை காட்டினான். "இந்த வருஷம் போகட்டும். அம்மாவோட கதைச்சிட்டுப் பாப்பம்" என்றான். கார் சேற்றில் இரண்டு முறை வழுக்கி ஏறிப் போனது.

முதலாளி அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். புறப்படும்போது மூலையைக் காட்டினார்.

"ரூபே, அந்தச் சாக்கு வழியில கிடக்கு. ஆக்கள் தடக்குப்பட்டு விழப்போயினம். எடுத்து எங்கயாவது எறி."

அவர் போன பிறகு சீலா போய்ச் சாக்கைப் பிரித்தாள். இரண்டாகப் பங்கிட்டாள். யசவதியின் பங்கில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தன் துணியை முடிந்தாள்.

வெளியே வெயில் வந்திருந்தது. யசவதி மடியில் துண்டுகளை வைத்து நுனிப்பட்டையைத் தனியே பிரித்தாள்.

"என்னதான் எழுதிக் குடுத்தாய்?" என்று கேட்டாள். "அவன்ர வாய் அடைச்சுப் போச்சே."

"சும்மா."

"எனக்கும் சொல்லன்."

"இந்த வாடியில அப்பிடி ஒண்டையும் ஆய்வாளர் காணவில்லை எண்டு."

"ஆய்வாளர் ஆர்?"

"நான்தான் அம்மா."

யசவதி கையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"அப்ப இந்தப் பாயில தவழ்ந்து வளந்தது ஆராம்?" என்றாள்.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். தர்மே சிரித்தான். ரூபசேனவும் ஐந்து நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். உதேனி சிரிக்கப் பார்த்தாள்.